வெள்ளம் வடிந்த பிறகு: கிராமங்களில் உணவுப் பாதுகாப்பையும் வாழ்வாதாரத்தையும் மதிப்பிடுவது எப்படி?

வங்கதேசத்தில் 1974-இல் பெருவெள்ளம் வந்தது, பின்னாலேயே பஞ்சமும் வந்தது. பயிர் அழிந்ததால் சோறு இல்லாமல் போனது என்றுதான் கேட்டவுடன் தோன்றும். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அந்த ஆண்டு நாட்டில் தலைக்கு இருந்த உணவு தானியம் முந்தைய, பிந்தைய ஆண்டுகளைவிடக் குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது. வெள்ளத்தில் போன பயிர் அறுவடைக்கு வரவேண்டிய மாதம் பிறப்பதற்குள் பஞ்சத்தின் உச்சமே கடந்துவிட்டது. வயலில் தண்ணீர் நின்றதால் கூலி வேலை நின்றது. அரிசி விலை ஏறியது. நிலமற்ற தொழிலாளர்கள் கையில் காசில்லாமல், கடையில் அரிசி இருக்கும்போதே பட்டினி கிடந்தார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கதையைத்தான். எத்தனை அடி தண்ணீர் நின்றது, எத்தனை ஏக்கர் போனது என்று எழுதி வருவது சுலபம். ஒவ்வொரு வீட்டுக்கும் சாப்பாடு எந்த வழியாக வந்துகொண்டிருந்தது, அந்த வழி எங்கே அறுந்தது, அடுத்த வருமானம் எந்த மாதம் வரும் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்தால்தான் அது மதிப்பீடு. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

அளக்கப்போவது என்ன என்பதில் தெளிவு வேண்டும். 1996-இல் ரோமில் நடந்த உலக உணவு உச்சி மாநாட்டின் வரையறையை ஒட்டி உணவுப் பாதுகாப்பை நான்காகப் பிரிப்பார்கள்: உணவு இருப்பது, அதை வாங்கவோ விளைவிக்கவோ முடிவது, உண்டது உடம்பில் சேர்வது, இம்மூன்றும் நாளைக்கும் நிலைப்பது. வெள்ளம் இந்த நான்கையும் தொடும், ஆனால் ஒரே நாளில் தொடாது. முதல் வாரம் அடுப்பும் விறகும் பாத்திரமும் இல்லாததால் பசி. இரண்டாம் மாதம் கூலி இல்லாததால் பசி. ஆறாம் மாதம் விதைக்காமல் விட்டதால் பசி.

படி 1: யாருடைய முடிவுக்காக, எப்போது

கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இந்த அறிக்கையைப் படித்து யார், என்ன முடிவு எடுக்கப்போகிறார்கள்? சமைத்த உணவா உலர் தானியமா என்பதா? பணமா பொருளா என்பதா? விதையும் தீவனமும் எவ்வளவு என்பதா? இதற்குப் பதில் இல்லாமல் தயாரிக்கும் கேள்வித்தாள் 200 கேள்விக்கு நீளும். பாதியை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். வீட்டை இழந்து நிற்கிற ஒருவரின் இரண்டு மணி நேரம் வீணானதுதான் மிச்சம்.

காலத்தைப் பொறுத்து ஆழமும் மாறும். முதல் மூன்று நாள், 72 மணி நேரம், ஏற்கெனவே உள்ள தகவலை வைத்து மதிப்பிடும் கட்டம்: மக்கள்தொகைக் கணக்கு, பழைய வாழ்வாதார ஆய்வுகள், செயற்கைக்கோள் படம். வெள்ள நாளில் மேகம் மூடியிருக்கும் என்பதால் சாதாரணப் படங்கள் உதவாது. சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். முதல் இரண்டு வாரத்தில் கிராம அளவில் குழுப் பேச்சும் முக்கியமானவர்களின் பேட்டியும் போதும். வீடு வீடாக மாதிரிக் கணக்கெடுப்பு அதற்கப்புறம்தான். ஜனங்கள் இன்னும் மேட்டில் ஒதுங்கி நிற்கும்போது கேள்வித்தாளை நீட்டுவது தப்பு, அதில் கிடைக்கும் எண்ணும் நிற்காது.

ஒரு எச்சரிக்கை. வரைபடம் தண்ணீரைக் காட்டும், பசியைக் காட்டாது. தண்ணீரே ஏறாத ஊர், பக்கத்து ஊர் வயல்களில் கூலிக்குப் போய்ப் பிழைக்கும் ஊராக இருக்கலாம். அந்த ஊர் படத்தில் நீல நிறத்தில் வராது. உங்கள் பட்டியலில் வரவேண்டும்.

படி 2: பருவ நாட்காட்டியும் பிழைப்பு வகைகளும்

எல்லாக் கருவிகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செலவே கிடையாது. பன்னிரண்டு மாதங்களை ஒரு தாளில் கட்டம் போட்டு, உழவு, விதைப்பு, களையெடுப்பு, அறுவடை, மீன் கிடைக்கும் காலம், கால்நடை சினை பிடிக்கும் காலம், வேலை தேடி வெளியூர் போகும் மாதங்கள், வழக்கமாகவே சாப்பாடு இழுபறியாக இருக்கும் மாதங்கள் எல்லாவற்றையும் குறியுங்கள். அப்புறம் வெள்ளம் வந்த நாளில் ஒரு கோடு போடுங்கள்.

அந்தக் கோடு அறுவடைக்கு ஒரு வாரம் முன்னால் விழுந்தால், உழவர் முதலையெல்லாம் கொட்டிவிட்டுப் பலனை இழந்திருக்கிறார். கடன் உச்சத்தில் இருக்கும் நாள் அது. விதைப்புக்கு ஒரு வாரம் முன்னால் விழுந்தால், தண்ணீர் சீக்கிரம் வடிந்து விதையும் கிடைத்தால் அந்தப் பருவத்தைக் காப்பாற்ற இன்னும் வழி இருக்கிறது. அங்கே உங்கள் அறிக்கைக்குக் கெடு உண்டு. விதைப்பு முடிந்து பத்து நாள் கழித்து வரும் விதை, விதைக்கு ஆகாது.

அடுத்து, அந்த ஊரில் யார் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பிரியுங்கள். சொந்த நிலம், குத்தகை நிலம், கூலி, கால்நடை, மீன்பிடி, சிறு வியாபாரம், வெளியூரிலிருந்து வரும் பணம். ஒரே தண்ணீர் இவர்களை ஒரே மாதிரி அடிப்பதில்லை. குத்தகைக்காரருக்குப் பயிரும் போய் குத்தகைப் பணமும் பாக்கி நிற்கும். நிவாரணமோ பல நேரம் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகும். பயிர்ச் சேதக் கணக்கில் கூலிக்காரர் பெயரே இருக்காது. அவர் இழந்தது களையெடுப்பு நாட்களையும் அறுவடை நாட்களையும். அந்த நாட்களை எண்ணி எழுதுங்கள்.

படி 3: ஊர்களையும் வீடுகளையும் தேர்ந்தெடுப்பது

சதவீதம் சொல்ல வேண்டுமென்றால் மாதிரி முறைப்படி இருக்க வேண்டும். பெரிய மக்கள்தொகையில் எளிய குலுக்கல் முறையில், 95 சதவீத நம்பகத்தில் 5 சதவீதப் பிழை வரம்புக்கு 384 வீடுகள் வேண்டும். களத்தில் பெரும்பாலும் ஊர்களைக் குலுக்கி எடுத்து, ஊருக்குச் சில வீடுகள் என்று போவோம். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி இருப்பதால் அந்தப் பிழையை ஈடுகட்ட எண்ணிக்கையை ஏறக்குறைய இரட்டிப்பாக்குவது வழக்கம். அவ்வளவு வசதி இல்லையா? சரி, நோக்கத்தோடு ஊர்களைத் தேர்ந்து ஆழமாகப் பேசுங்கள். ஆனால் அறிக்கையில் சதவீதம் போடாதீர்கள்.

வண்டி போகும் ஊர்கள்தான் எப்போதும் பட்டியலில் முதலில் வரும். பாலம் உடைந்த பக்கம் போக ஒரு படகோ ஒரு நாள் நடையோ திட்டத்திலேயே வைத்துவிடுங்கள். முகாமில் இருப்பவர்களை மட்டும் பார்த்தால், உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவர்கள் விடுபடுவார்கள். தாங்கும் அந்த உறவினர் வீட்டின் தானியமும் இரண்டு குடும்பத்துக்கு வேகமாகக் கரைந்துகொண்டிருக்கும்.

குழுவில் பாதியாவது பெண்கள் இருக்க வேண்டும். வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்பது ஆணிடம் ஆண் கேட்டு வெளியே வருகிற விஷயம் இல்லை. பதிவுக்கு கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலிகள் இணைய இணைப்பு இல்லாமலும் கைபேசியில் வேலை செய்யும். மின்சாரம் இருக்காது, பவர் பேங்க் எடுத்துப் போங்கள். காகிதப் படிவமும் கொஞ்சம் இருக்கட்டும்.

படி 4: ஊருக்குள் முதல் நாள்

முதலில் நடங்கள். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, உள்ளூர்க்காரர் ஒருவரோடு. சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது, தானியம் வைக்கும் இடம் அந்தக் கறைக்கு மேலா கீழா, மாடு எதைத் தின்கிறது, குடிதண்ணீர்க் கிணற்றைச் சுற்றி என்ன தேங்கியிருக்கிறது என்று பாருங்கள். வயலில் இறங்கிக் கையால் தோண்டிப் பாருங்கள். மெல்லிய வண்டல் படிந்திருந்தால் அடுத்த போகத்துக்கு நல்லதாகக்கூட இருக்கும். முழ அளவு மணல் மூடியிருந்தால் அது பல ஆண்டுப் பிரச்சினை. கடலோரமானால் உப்பு. ஏக்கர் கணக்கில் இந்த மூன்றும் ஒரே ‘சேதம்’ என்று ஒரு வரியில் வந்துவிடும்.

பிறகு குழுப் பேச்சு. ஆண்களும் பெண்களும் தனித்தனியாக, நிலம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் முடிந்தவரை தனித்தனியாக. எண்ணைக் கேட்டால் மக்கள் தயங்குவார்கள், விதையைக் கையில் கொடுத்தால் பேசுவார்கள். 100 விதைகளை எண்ணித் தரையில் கொட்டி, “வெள்ளத்துக்கு முந்தி வீட்டுக்கு வந்த சாப்பாட்டுல சொந்த வெளைச்சல் எவ்வளவு, கூலிக் காசுல வாங்கினது எவ்வளவு, கடன் எவ்வளவு, பிரிச்சு வைங்கம்மா” என்று கேளுங்கள். ஒருவர் குவிப்பார், இன்னொருவர் கை நீட்டி நான்கு விதையைக் கடன் பக்கம் தள்ளுவார், அங்கே ஒரு வாக்குவாதம் தொடங்கும். அந்த வாக்குவாதத்தை எழுதுங்கள், குவியலைவிட அதுதான் முக்கியம். அடுத்து, அதே 100 விதையை இன்றைய நிலைக்குப் பிரிக்கச் சொல்லுங்கள். கூலிக் குவியல் காலியாகி நிவாரணக் குவியலும் கடன் குவியலும் வளர்வதை அவர்களே பார்ப்பார்கள். அந்த இடத்தில் பெரும்பாலும் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்.

படி 5: வீட்டுக் கேள்விகள்

மூன்று அளவுகோல்கள் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளன.

உணவு நுகர்வு மதிப்பெண்: கடந்த 7 நாட்களில் ஒவ்வொரு உணவு வகையையும் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்று கேட்டு, நாட்களை எடையால் பெருக்க வேண்டும். தானியம், கிழங்குக்கு 2, பருப்பு வகைக்கு 3, காய்கறி 1, பழம் 1, இறைச்சி, மீன், முட்டைக்கு 4, பாலுக்கு 4, எண்ணெய் அரை, சர்க்கரை அரை. அதிகபட்சம் 112. பொதுவான வரம்பில் 21 வரை மோசம், அதற்கு மேல் 35 வரை விளிம்பு நிலை, 35-க்கு மேல் ஏற்கத்தக்கது. எண்ணெயும் சர்க்கரையும் அன்றாடம் புழங்கும் பகுதிகளில் 28, 42 என்று வரம்பை உயர்த்துவார்கள்.

இதில் பலர் விழும் ஒரு குழி இருக்கிறது. எல்லாம் இழந்து, நிவாரணப் பொட்டலத்தில் வந்த தானியம், பருப்பு, எண்ணெய் மட்டும் ஏழு நாளும் சாப்பிட்ட குடும்பத்துக்குக் கணக்குப் போடுங்கள்: 14, 21, 3.5. மொத்தம் 38.5. பொதுவான வரம்பில் ‘ஏற்கத்தக்க’ நிலை! பொட்டலம் நின்ற மறுநாள் அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. அதனால் ஒவ்வொரு உணவுக்கும் பக்கத்தில் ‘எங்கிருந்து வந்தது’ என்ற கட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். சொந்த விளைச்சல், காசுக்கு, கடனுக்கு, அன்பளிப்பு, நிவாரணம். என்னைக் கேட்டால் மதிப்பெண்ணைவிட இந்தக் கட்டத்துக்குத்தான் முதல் இடம்.

சமாளிப்புக் குறியீடு: கடந்த 7 நாளில் சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டபோது என்ன செய்தார்கள் என்பது. விலை குறைந்த, பிடிக்காத உணவுக்கு மாறியது (எடை 1), கடன் வாங்கியோ உறவினரிடம் கேட்டோ சாப்பிட்டது (2), அளவைக் குறைத்தது (1), குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் குறைத்துக்கொண்டது (3), வேளையைக் குறைத்தது (1). ஏழு நாளும் மலிவு உணவு, இரண்டு நாள் கடன், நான்கு நாள் அளவுக் குறைப்பு, மூன்று நாள் பெரியவர்கள் குறைத்தது, நான்கு நாள் வேளைக் குறைப்பு என்றால் 7+4+4+9+4, ஆக 28. உச்சம் 56. 19-ஐ எட்டினாலே நெருக்கடி நிலை என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, வீட்டுப் பசி அளவுகோல். கடந்த நான்கு வாரத்தில் வீட்டில் உண்ண எதுவுமே இல்லாத நேரம் இருந்ததா, பசியோடு படுத்தார்களா, ஒரு பகலும் இரவும் முழுப் பட்டினி கிடந்தார்களா என்று மூன்றே கேள்விகள். எவ்வளவு அடிக்கடி என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 0 முதல் 6. 4-க்கு மேல் கடுமையான பசி, அந்த 4-ம் அதில் சேர்ந்ததுதான்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “பட்டினி கிடந்தீங்களா?” என்று பத்துப் பேர் முன்னால் கேட்டால், தன்மானம் உள்ள எவரும் “இல்லை” என்றுதான் சொல்வார். தனியாக உட்கார்ந்து, “நேத்து ராத்திரி அடுப்பு எரிஞ்சுதா அம்மா? என்ன வெச்சீங்க? யார் யாருக்கு முதல்ல போட்டீங்க?” என்று நாளைப் பின்னோக்கி நடத்திக் கேளுங்கள். பானை காய்ந்திருப்பது உங்கள் கண்ணுக்கே தெரிந்தாலும் அதைச் சுட்டிக்காட்டி மடக்காதீர்கள்.

பேட்டி தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும்: இந்தப் பதிலால் உங்களுக்கு உதவி கிடைக்கும் என்று உறுதி தர முடியாது, விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், பெயரை வெளியே சொல்ல மாட்டோம். ஆசை காட்டிப் பதில் வாங்குவது அநியாயம்.

படி 6: பிழைப்பின் கணக்கு

இங்கே ‘சேதம்’, ‘இழப்பு’ இரண்டையும் பிரிக்கப் பழகுங்கள். உடைந்த வீடு, செத்த மாடு, போன வலை எல்லாம் சேதம். இனி வரப்போகாத வருமானம் இழப்பு. பாகிஸ்தானில் 2022 வெள்ளம் சுமார் 3.3 கோடிப் பேரைப் பாதித்தது. அதன் மதிப்பீட்டில் சேதம் சுமார் 1,490 கோடி டாலர், பொருளாதார இழப்பு சுமார் 1,520 கோடி டாலர். கண்ணுக்குத் தெரியாதது தெரிவதைவிடப் பெரிதாக இருந்தது.

வீட்டில் கேட்க வேண்டியவை: விதை மிஞ்சியதா? “இருக்கு” என்று சொன்னால் நிறுத்திவிடாதீர்கள். நனைந்த விதை முளைக்காமல் போகலாம். 100 விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஒரு வாரம், பத்து நாளில் எத்தனை முளைத்தன என்று எண்ணச் சொல்லுங்கள். கால்நடைக்கு எத்தனை நாள் தீவனம் இருக்கிறது? தீவனம் தீரும் நாள்தான் மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளும் நாள். உழவுக் கருவி, பம்பு செட், படகு, வலை, தையல் இயந்திரம் எந்த நிலையில்? வெள்ளத்துக்கு முன் மாதத்தில் எத்தனை நாள் கூலி, இப்போது எத்தனை நாள்?

பின்பு, என்ன விற்றார்கள், எதை விட்டார்கள் என்பது. இதை மூன்று தட்டாகப் பார்ப்பார்கள். சேமிப்பை எடுப்பது, வீட்டுச் சாமான் விற்பது, கடன் வாங்குவது முதல் தட்டு. பிழைப்புக்கான கருவியை விற்பது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது, மருத்துவச் செலவைக் குறைப்பது இரண்டாம் தட்டு, இதிலிருந்து மீள்வது கடினம். நிலத்தையோ வீட்டையோ விற்பது, கடைசிப் பெண் கால்நடையை விற்பது, பிச்சை எடுப்பது மூன்றாவது. “விற்கவில்லை” என்ற பதிலுக்குப் பின்னால் ‘தேவைப்படவில்லை’யும் இருக்கலாம், ‘விற்க ஒன்றுமில்லை’யும் இருக்கலாம். இரண்டையும் தனிக் கட்டமாக வையுங்கள்.

கடனைத் தனியாகக் கேளுங்கள்: யாரிடம், என்ன வட்டி, எதை ஈடு வைத்து, எதற்காக. 1998-இல் வங்கதேசத்தின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீரில் மூழ்கியது. தனியார் வியாபாரிகள் இந்தியாவிலிருந்து அரிசி இறக்குமதி செய்ததால் சந்தையில் தட்டுப்பாடு முற்றவில்லை, 1974 திரும்பவில்லை. ஆனால் ஏழை வீடுகள் கடன் வாங்கித்தான் அந்த அரிசியை வாங்கின. ஓராண்டு கழிந்தும் அந்தக் கடன் தீரவில்லை.

படி 7: சந்தை

வெவ்வேறு அளவுள்ள நாலைந்து கடைக்காரர்களிடம் பேசினாலே நிறையத் தெரியும். இருப்பு எத்தனை நாள் வரும், சரக்கு எங்கிருந்து எந்த வழியாக வருகிறது, நாளையே எல்லோரும் இரண்டு மடங்கு வாங்க வந்தால் கொடுக்க முடியுமா, கடனுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டாரா? கடைசிக் கேள்வி சிறியதுதான், ஆனால் கடைக்காரர் கடன் நோட்டை மூடிய நாள் அந்த ஊரின் ஏழைகளுக்கு இரண்டாவது வெள்ளம்.

ஒரு நாள் கூலியை ஒரு கிலோ தானிய விலையால் வகுத்து, வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் எழுதுங்கள். கூலி அப்படியே இருந்து விலை ஏறினாலும், விலை அப்படியே இருந்து கூலி விழுந்தாலும் இந்த ஒரே எண் காட்டிக்கொடுக்கும். கால்நடை வளர்ப்பவர்களுக்கு ஓர் ஆட்டின் விலைக்கு எத்தனை கிலோ தானியம் என்று போடுங்கள். சந்தை உயிரோடு இருந்தால் பணம் கொடுப்பது நல்லது. பாதை அறுந்திருந்தால் பொருள்தான்.

படி 8: உடம்பு

6 முதல் 59 மாதக் குழந்தைகளின் நடுப்புஜச் சுற்றளவை நாடாவால் அளக்கலாம். 115 மி.மீ.-க்குக் குறைந்தால் தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு, 115 முதல் 125-க்குள் மிதமானது. இரண்டு பாதத்தையும் மூன்று விநாடி கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் அளவு என்னவாக இருந்தாலும் அந்தக் குழந்தையை உடனே சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். அதனால் எங்கே அனுப்புவது என்று தெரிந்துகொண்ட பிறகே நாடாவை எடுங்கள். குடிநீர், வயிற்றுப்போக்கு, கழிப்பிடம் பற்றிய கேள்விகளை இங்கேயே சேர்த்துவிடலாம்.

படி 9: பிரித்துப் பார்த்து முடிவுக்கு வருவது

சராசரி ஏமாற்றும். ஊர் சராசரியைப் போடும் முன், பிழைப்பு வகை வாரியாக, குடும்பத் தலைவர் ஆணா பெண்ணா என்பது வாரியாக, ஊரில் இருப்பவர், இடம் பெயர்ந்தவர் என்று பிரித்துப் பாருங்கள். எண்கள் ஒன்றோடொன்று முட்டினால் சந்தோஷப்படுங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. உணவு மதிப்பெண் நன்றாக இருந்து சமாளிப்புக் குறியீடும் உயர்ந்திருந்தால், நன்றாகச் சாப்பிட அந்த வீடு எதையோ விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எதை என்று ஆறாம் படியின் பதில்களில் தேடுங்கள்.

உலகளவில் ஐ.பி.சி. (ஒருங்கிணைந்த உணவுப் பாதுகாப்பு நிலை வகைப்பாடு) ஐந்து நிலைகளைச் சொல்கிறது: குறைந்தபட்சம், அழுத்தம், நெருக்கடி, அவசரம், பேரழிவு அல்லது பஞ்சம். ஒரு பகுதியின் மக்களில் 20 சதவீதமாவது ஒரு நிலையிலோ அதைவிட மோசமான நிலையிலோ இருந்தால் பகுதிக்கே அந்த நிலை. முறையான வகைப்பாடு பல தரப்பும் உட்கார்ந்து ஒத்துக்கொள்ள வேண்டியது. உங்கள் தரவு அந்த மேசைக்குப் போகும்படி, எல்லோரும் பயன்படுத்தும் கேள்விகளையே வார்த்தை மாற்றாமல் கேட்டிருக்க வேண்டும்.

தேவையின் அளவுக்கு எளிய கணக்கு ஒன்று. அவசரகாலத் திட்டமிடலில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி என்பது அடிப்படை. ஐந்து பேருக்கு 30 நாளைக்கு 3,15,000. ஒரு கிலோ தானியம் சுமார் 3,500 என்று வைத்தால் 90 கிலோவுக்குச் சமம். அந்த வீட்டின் இருப்பும் கூலியும் அதில் 30 கிலோவுக்குத்தான் ஈடு என்றால், மாதக் குறை 60 கிலோ. அடுத்த அறுவடைக்கு நான்கு மாதம் என்றால் 240. தானியம் மட்டும் சத்துணவு ஆகாது என்பதால் இதைப் பருப்பு, எண்ணெய், காய்கறிக்கு இடம் விட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் யார், எத்தனை பேர், எந்த மாதம் வரை, எது வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பது இருந்தால் போதும். நம்பிக்கை குறைவான எண்ணுக்குப் பக்கத்திலேயே ஏன் என்று எழுதிவிடுங்கள்.

படி 10: திரும்பிப் போவது

பெரும்பாலான குழுக்கள் விட்டுவிடும் படி இது. முடிவுகளை எடுத்துக்கொண்டு அதே ஊர்களுக்குப் போய், எழுத்தில்லாமல் புரியும்படி விதைக் குவியல்களாகவே காட்டுங்கள். “இதுல எங்க தப்பு?” என்று கேளுங்கள். விடுபட்ட ஒரு தெரு, தவறாகப் புரிந்த ஒரு கடன் முறை அப்போதுதான் வெளியே வரும். திருத்திய பிறகு அறிக்கையை அனுப்புங்கள்.

கிளம்பும்போது பருவ நாட்காட்டியின் ஒரு நகலை ஊரிலேயே விட்டுவிட்டு, அதில் இரண்டு தேதிகளைக் குறியுங்கள்: விதைப்பு முடியும் வாரம் ஒன்று, அறுவடைக்கு முந்தைய மாதம் ஒன்று. அந்த இரண்டு தேதியிலும் அதே வீடுகளில் கொஞ்சம் வீடுகளுக்காவது மறுபடி போங்கள். முதல் தடவை பேசிய அதே ஆளை அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். கதவைத் தட்டியதும் அடையாளம் கண்டுகொள்வார்கள், கடன் இப்போது எங்கே நிற்கிறது என்பதைக் கேட்காமலே சொல்வார்கள்.